ஊசித்துளையின் கணக்கு

நுழையும்முன்

ஓர் எந்திரம் நின்றுவிட்டால் அதில் ஏதோ ஒன்று உடைந்துவிட்டது என்றே நாம் எண்ணுகிறோம். மோட்டார் சைக்கிளின் கார்புரேட்டரிலோ பெரும்பாலும் எதுவும் உடைவதில்லை. கண்ணுக்கு எளிதில் புலப்படாத துகளொன்று, அரை மில்லிமீட்டருக்கும் குறைவான துளையை அடைத்துக்கொள்கிறது, வண்டி நின்றுவிடுகிறது. அவ்வடைப்பை நீக்கி, உறுப்புகளை மீளப் பொருத்தி, காற்றையும் எரிபொருளையும் உரிய அளவில் நிறுத்துவது கைத்தொழில் மட்டுமன்று. காரணம் அறிந்து செயற்படும் அறிவியலும் ஆகும். அதன் படிநிலைகளை விளக்குகிறது இப்பாடம்.

காற்றும் எரிபொருளும்

பெட்ரோல் நீர்மமாக இருக்கும் நிலையில் எரிவதில்லை. அதன் ஆவி காற்றுடன் கலந்த நிலையிலேயே எரிகிறது. அக்கலப்பிற்கு ஓர் அளவு உண்டு. 1 கிராம் பெட்ரோல் முழுமையாக எரிவதற்கு ஏறத்தாழ 14.7 கிராம் காற்று தேவை. இதனைப் பருமனளவில் கூறினால் வியப்புத் தோன்றும். 1 லிட்டர் பெட்ரோல் எரிவதற்கு ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்றை எஞ்சின் உள்ளிழுக்கிறது. எத்தனால் கலந்த பெட்ரோலுக்குக் காற்றின் தேவை சற்றுக் குறையும்.

எரிபொருள் மிகுந்திருப்பின் அதனைச் செறிந்த கலவை என்றும், காற்று மிகுந்திருப்பின் மெலிந்த கலவை என்றும் கூறுவர். செறிந்த கலவை முழுமையாக எரியாது. கரும்புகையையும் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவளியையும் வெளியேற்றும். மெலிந்த கலவையால் எஞ்சின் தடுமாறும். அளவுக்கு மீறிச் சூடேறும். இவ்விரு எல்லைகளுக்கும் இடையே கலவையை நிறுத்தும் கருவியே கார்புரேட்டர்.

1885ஆம் ஆண்டில் செருமனியில் டைம்லரும் மேபாக்கும் உருவாக்கிய ஈருருளி வண்டியே பெட்ரோல் எஞ்சினால் இயங்கிய முதல் மோட்டார் சைக்கிளாகக் கருதப்படுகிறது. தொடக்கக் காலக் கலப்பிகளில் எரிபொருளின் மேற்பரப்பில் எழும் ஆவியையே காற்றுடன் கலந்தனர். 1893ஆம் ஆண்டில் அங்கேரியைச் சேர்ந்த பாங்கியும் சோங்காவும் தெளிப்புமுறைக் கார்புரேட்டருக்குக் காப்புரிமை பெற்றனர். அதே காலத்தில் மேபாக்கும் மிதவையுடன் கூடிய தெளிப்புக் கலப்பியை உருவாக்கினார். இன்று நாம் கையிலெடுக்கும் கார்புரேட்டர் அவற்றின் வழித்தோன்றலே.

உள்ளமைப்பு

கார்புரேட்டரின் நடுவே ஒரு குழல் செல்கிறது. அக்குழல் இடையில் குறுகி மீண்டும் விரிகிறது. குறுகிய இடத்தில் காற்றின் விரைவு கூடும். விரைவு கூடும் இடத்தில் அழுத்தம் குறையும். இவ்வுண்மையைப் பெர்னூலி 1738ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில் விளக்கினார். குறுகிய குழலில் நிகழும் பாய்வை ஆராய்ந்த இத்தாலிய அறிஞர் வெஞ்சுரியின் பெயரால் அப்பகுதி வழங்கப்படுகிறது. அங்கே அழுத்தம் குறைவதனால், கீழுள்ள கிண்ணத்திலிருந்து பெட்ரோல் மேலெழுந்து நுண்துளிகளாகக் காற்றில் தெளிக்கப்படுகிறது.

கீழுள்ள கிண்ணத்தை மிதவை அறை என்பர். வீட்டின் மேல்நிலைத் தொட்டியில் நீர் நிறைந்ததும் மிதவை உயர்ந்து குழாயை அடைப்பதைப் பார்த்திருப்போம். இங்கும் அதே முறைதான். பெட்ரோல் உயர்ந்தால் மிதவை உயர்கிறது. அதனோடு இணைந்த ஊசி, வழியை அடைக்கிறது. பெட்ரோல் குறைந்தால் வழி திறக்கிறது. இதனால் கிண்ணத்தில் எரிபொருளின் மட்டம் எப்போதும் மாறாதிருக்கிறது.

எஞ்சினின் தேவை எல்லா வேளைகளிலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஆதலின் கார்புரேட்டரில் பல பாதைகள் உள்ளன. 1955ஆம் ஆண்டில் சென்னையில் தொடங்கப்பட்ட என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தின் பழைய புல்லட் முதல் சிறிய மொபெட் வரை, பல வண்டிகளில் அமைந்திருந்தது ஸ்லைடு வகைக் கார்புரேட்டரே. அதில், கைப்பிடியை முறுக்கும்போது கம்பிவடம் இழுக்க, ஸ்லைடு என்னும் உருளைத் தடுப்பு மேலெழுந்து காற்றுக்கு வழிவிடுகிறது.

வண்டி நின்ற நிலையில் எஞ்சின் மெல்ல ஓடும்போதும், கைப்பிடியை எட்டில் ஒரு பங்கு வரை திறக்கும்போதும் பைலட் ஜெட் என்னும் மிகச் சிறிய துளை எரிபொருளை வழங்குகிறது. அதனையடுத்துக் கால் பங்கு வரை ஸ்லைடின் அடியில் சரிவாக வெட்டப்பட்டுள்ள விளிம்பு கலவையை முடிவு செய்கிறது. கால் பங்கிலிருந்து முக்கால் பங்கு வரை, ஸ்லைடில் தொங்கும் கூம்பு வடிவ ஊசி அப்பொறுப்பை ஏற்கிறது. அதற்கு மேல் மெயின் ஜெட் என்னும் பெரிய துளை எரிபொருளை அளந்துவிடுகிறது. ஓட்டப்பந்தயத்தில் கோலைக் கைமாற்றும் வீரர்களைப்போல இவை ஒன்றையடுத்து ஒன்றாகப் பணியேற்கின்றன. இவ்வொழுங்கு மனத்தில் பதிந்துவிட்டால், எந்த நிலையில் எஞ்சின் தடுமாறுகிறது என்பதைக் கொண்டே குறை எங்கே உள்ளது என்று கூறிவிடலாம்.

நோய் நாடுதல்

வண்டியைப் பல வாரங்கள் ஓட்டாமல் நிறுத்திவைத்தால், கிண்ணத்திலுள்ள பெட்ரோலின் எளிதில் ஆவியாகும் பகுதி ஆவியாகிவிடும். எஞ்சியது பிசின்போலத் திரண்டு துளைகளில் படியும். தொட்டியின் துருத்துகளும் தூசியும் குழாய்வழி வந்து சேரும். பெட்ரோலில் கலந்துள்ள எத்தனால் ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. அந்நீர் கிண்ணத்தின் அடியில் தங்கி உலோகத்தை அரிக்கும். இவற்றால் முதலில் அடைபடுவது பைலட் ஜெட். எனவேதான் நெடுநாள் நின்ற வண்டி, சோக் இட்டால் ஓடுகிறது; சோக்கை எடுத்தால் நின்றுவிடுகிறது.

எனினும், எல்லாக் குறைகளுக்கும் கார்புரேட்டரே காரணம் என்று முடிவு செய்தல் கூடாது. தொட்டியில் எரிபொருள் உள்ளதா, பெட்ரோல் குழாயில் ஓட்டம் தடையின்றி உள்ளதா, காற்று வடிகட்டி அடைபட்டுள்ளதா, ஸ்பார்க் பிளக்கில் தீப்பொறி வருகிறதா என்பவற்றை முதலில் ஆராய வேண்டும். தேர்ந்த தொழில்நுட்பர் கருவிகளைக் கையிலெடுக்கும் முன்பே நோயைப் பெரும்பாலும் கண்டறிந்திருப்பார். ஆராயாது கழற்றுபவர், இல்லாத குறையைத் தேடி இருக்கும் ஒழுங்கைக் குலைப்பார்.

தெரிந்து தெளிவோம்

• சோக் இட்டால் மட்டும் ஓடுதல் – பைலட் ஜெட் அடைப்பு.
• பெட்ரோல் வழிந்து சொட்டுதல் – மிதவை ஊசியில் தூசு அல்லது தேய்மானம். ஓட்டை விழுந்த மிதவை.
• முழு வேகத்தில் திணறுதல் – மெயின் ஜெட் அடைப்பு அல்லது எரிபொருள் வரத்துக் குறைவு.
• கரும்புகை – செறிந்த கலவை அல்லது அடைபட்ட காற்று வடிகட்டி.
• கைப்பிடியை விட்ட பின்னும் வேகம் தணியாமை – இணைப்பில் காற்றுக் கசிவு, மெலிந்த கலவை அல்லது சிக்கிய ஸ்லைடு.

கழற்றுதல்

பெட்ரோலின் ஆவி காற்றைவிடக் கனமானது. அது தரையோடு பரவிச் சென்று தொலைவிலுள்ள நெருப்பையும் பற்றிக்கொள்ளும். ஆகவே, இப்பணியைக் காற்றோட்டமான திறந்த இடத்தில், எஞ்சின் நன்கு ஆறிய பின்னரே தொடங்க வேண்டும். அருகில் விளக்கு, அடுப்பு, புகைபிடித்தல் ஆகியவை கூடா. கண்ணாடியும் கையுறையும் அணிதல் வேண்டும். முதன்முறை செய்வோர், தொழிலறிந்த ஒருவரின் மேற்பார்வையில் செய்வதே முறை.

பெட்ரோல் டேப்பை மூடிக் குழாயைப் பிரித்தபின், கிண்ணத்தின் அடியிலுள்ள வடிதிருகைத் தளர்த்தி எஞ்சிய பெட்ரோலை ஒரு கலனில் சேர்க்க வேண்டும். அதனைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றுவது நீர்நிலைகளுக்குக் கேடு விளைவிக்கும். வடித்த பெட்ரோலைச் சற்றுநேரம் உற்றுநோக்கினால் அதுவே பல செய்திகளைக் கூறும். அடியில் துருத்துகள் இருந்தால் தொட்டி துருப்பிடித்துள்ளது. நீர்த்துளிகள் உருண்டால் ஈரம் புகுந்துள்ளது. மூலத்தைச் சரிசெய்யாமல் கார்புரேட்டரை மட்டும் தூய்மை செய்தால், சில நாள்களில் அதே நோய் மீளும்.

கழற்றும்போது இரண்டு பழக்கங்கள் இன்றியமையாதவை. ஒன்று, கழற்றிய ஒவ்வொன்றையும் வரிசை மாறாமல் ஒரு தட்டில் அடுக்குதல். மற்றொன்று, குறித்துக்கொள்ளுதல். காற்றுத் திருகைக் கழற்றுமுன் அதனை மெல்ல உள்நோக்கித் திருப்பி, முற்றிலும் அமர எத்தனைச் சுற்று ஆகிறது என்று எண்ணி எழுதிக்கொள்ள வேண்டும். முன்பு இருந்த நிலையைக் காட்டும் சான்று அதுவே. கூம்பூசியின் பிடிவளையம் எந்தப் பள்ளத்தில் உள்ளது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஜெட்டுகள் பித்தளையால் ஆனவை, மென்மையானவை. வெட்டுக்குப் பொருந்தாத திருப்புளியைக் கொண்டு திருகினால் அவற்றின் தலை சிதைந்துவிடும். பிறகு அதனை வெளியே எடுப்பதே பெரும்பாடாகும்.

தூய்மை செய்தல்

ரப்பர் வளையங்கள், பிளாஸ்டிக் மிதவை ஆகியவற்றைத் தனியே எடுத்து வைத்த பின்னரே உலோகப் பகுதிகளில் தூய்மையாக்கும் திரவத்தைப் பயன்படுத்த வேண்டும். வீரியமிக்க திரவங்கள் ரப்பரை உப்பச் செய்துவிடும்.

அடைபட்ட ஜெட்டைக் கண்டதும் ஒரு கம்பியை நுழைத்துக் குத்த வேண்டும் என்றே கை துடிக்கும். அதனை அறவே தவிர்த்தல் வேண்டும். ஜெட்டின் துளை என்பது வெறும் ஓட்டை அன்று; அது ஓர் அளவுகோல். ஒரு மில்லிமீட்டரின் நூற்றில் ஒரு பங்கு என்னும் நுண்ணளவில் அது துளைக்கப்படுகிறது. இரும்புக் கம்பி அதனைச் சற்றே கீறி அகலப்படுத்தினாலும், அடைப்பு நீங்கும். ஆனால் அளவு கெடும். அதன்பின் எவ்வளவு திருகினாலும் கலவை சரியாகாது. ஆதலின், திரவத்தில் ஊறவைத்துப் பிசினை இளகச் செய்து, அழுத்தக் காற்றால் ஊதுவதே ஏற்ற வழி. தூய்மையான பின் ஜெட்டை வெளிச்சத்திற்கு எதிரே பிடித்தால், துளை மாசற்ற சிறு வட்டமாய்த் தெரிய வேண்டும்.

ஜெட்டுகளைத் தூய்மை செய்வதோடு பணி முடிவதில்லை. கார்புரேட்டரின் உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்வழிகள் பல உள்ளன. ஒரு முனையில் திரவத்தைச் செலுத்தினால் அது மறுமுனையில் தாரையாக வெளிவருகிறதா என்று ஒவ்வொரு வழியாகச் சோதிக்க வேண்டும். எதிர்பாராத திசையில் திரவம் தெறிக்கும் என்பதால் இவ்வேளையில் கண்ணாடி கட்டாயம் தேவை. வெளிப்புறம் பளபளப்பதால் கார்புரேட்டர் தூய்மையாகிவிட்டது என்று கொள்ளலாகாது. நுண்வழிகளில் ஓட்டம் உறுதியான பிறகே தூய்மை முழுமையாகும்.

மிதவையைக் காதருகே கொண்டுசென்று குலுக்க வேண்டும். உள்ளே பெட்ரோல் தளும்பும் ஒலி கேட்டால் அது ஓட்டையானது, மாற்ற வேண்டும். மிதவை ஊசியின் கூர்முனையில் வளையம்போல் தேய்ந்த தடம் இருந்தால் அதனையும் மாற்றுவதே நன்று.

மீண்டும் பொருத்துதல்

கழற்றியதற்கு எதிர்வரிசையில் பொருத்த வேண்டும். இங்கே வலிமையைவிட மென்மையே பெரிது. உடல் மென்மையான உலோகக் கலவையில் வார்க்கப்பட்டது. பித்தளைத் திருகை அளவுமீறி இறுக்கினால் திருகுமரை அழிந்துவிடும். முதலில் விரலால் திருகி, மரை தடையின்றிப் பொருந்துவதை உணர்ந்த பின்னரே திருப்புளியால் அளவாக இறுக்க வேண்டும். காற்றுத் திருகின் கூர்முனையும் அவ்வாறே. அதனை அழுத்தி அமர்த்தினால் முனையும் அது அமரும் இடமும் சேர்ந்தே கெடும்.

மிதவையை அமைத்ததும் அதன் உயரத்தை அளக்க வேண்டும். மிதவையின் நாக்கு ஊசியை மெல்லத் தொடும் அளவிற்குக் கார்புரேட்டரைச் சாய்த்துப் பிடித்து, உடலின் விளிம்பிற்கும் மிதவைக்கும் உள்ள தொலைவை வண்டியின் கையேட்டோடு ஒப்பிட வேண்டும். கிண்ணத்தில் பெட்ரோல் மட்டம் உயர்ந்தால் கலவை செறியும், வழியவும் கூடும். தாழ்ந்தால் கலவை மெலியும். உலோக நாக்குள்ள மிதவையாயின் அதனைச் சிறிதே வளைத்து இவ்வளவைத் திருத்தலாம்.

ஸ்லைடைப் பொருத்துவதில் மிகுந்த கவனம் தேவை. அதன் பக்கவாட்டுப் பள்ளம் உள்ளே இருக்கும் முளையில் பொருந்த வேண்டும். சரிவாக வெட்டப்பட்ட விளிம்பு காற்று வடிகட்டியை நோக்கி இருக்க வேண்டும். மாற்றிப் பொருத்தினால் எஞ்சின் கட்டுப்பாடின்றி விரையக்கூடும். பொருத்தியபின் கைப்பிடியை முறுக்கி விட்டால் ஸ்லைடு தானே கீழிறங்கி மெல்லிய ஓசையுடன் அமர வேண்டும். வண்டியின் கைச்சட்டத்தை இடமும் வலமும் முழுமையாகத் திருப்பிப் பார்த்தும் இதனைச் சோதிக்க வேண்டும். உயிரோடு தொடர்புடைய சோதனை இது. எஞ்சினை இயக்கும் முன்பே செய்யப்பட வேண்டியது.

எஞ்சினோடு இணைக்கும் இடத்தில் ரப்பர் வளையம் வெடிப்பின்றி இருத்தல் வேண்டும். அங்கே மயிரிழை இடைவெளி இருந்தாலும் அளவற்ற காற்று புகுந்து, செய்த பணி அனைத்தையும் வீணாக்கும்.

சரிநிலைப்படுத்துதல்

தூய்மை செய்தலும் பொருத்துதலும் முடிந்த பின்னரே சரிநிலைப்படுத்துதல் தொடங்கும். அடைபட்ட கார்புரேட்டரைத் திருகுகளால் சரிசெய்ய முயல்வது பயனற்றது.

காற்றுத் திருகைக் கையேடு கூறும் சுற்றுகள் அளவிற்கு வெளித்திருப்பி, எஞ்சினை இயக்கிச் சில நிமிடங்கள் ஓட்டிச் சூடேற்ற வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் செய்யும் திருத்தம் சூடேறியதும் பொருந்தாது. பின்னர், ஸ்லைடைத் தாங்கும் வேகத் திருகின் துணையால் எஞ்சினின் ஓட்டத்தைச் சற்றே கூட்ட வேண்டும். இனி, காற்றுத் திருகைக் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் சில நொடிகள் பொறுத்து, ஓசையைக் கூர்ந்து கேட்க வேண்டும். ஒரு பக்கம் திருப்பினால் ஓசை கனத்து மந்தமாகும். மறுபக்கம் திருப்பினால் மெலிந்து தடுமாறும். இடையில் ஓரிடத்தில் எஞ்சின் மிக விரைவாகவும் சீராகவும் ஓடும். அதுவே நாம் தேடும் நிலை. பிறகு வேகத் திருகைத் தளர்த்தி, கையேடு குறிப்பிடும் மெல்லோட்ட வேகத்திற்குக் கொண்டுவர வேண்டும். பல சிறிய வண்டிகளில் இது நிமிடத்திற்கு ஏறத்தாழ 1,400 சுற்றுகள்.

திருகு எங்கே உள்ளது என்பதையும் நோக்க வேண்டும். காற்று வடிகட்டியின் பக்கம் உள்ள திருகு காற்றைக் கட்டுப்படுத்துவது. அதனை உள்நோக்கித் திருப்பினால் கலவை செறியும். எஞ்சினின் பக்கம் உள்ள திருகு எரிபொருளைக் கட்டுப்படுத்துவது. அதனை உள்நோக்கித் திருப்பினால் கலவை மெலியும். இவ்வேறுபாட்டை அறியாதார் நேர்மாறான திருத்தம் செய்து திகைப்பர்.

நடுவேகத்தில் குறை இருப்பின் கூம்பூசியைக் கவனிக்க வேண்டும். பிடிவளையத்தை ஒரு பள்ளம் மேலே மாற்றினால் ஊசி தாழ்ந்து கலவை மெலியும். கீழே மாற்றினால் ஊசி உயர்ந்து கலவை செறியும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும் என்பது இங்கே பொன்விதி. இரண்டை ஒருங்கே மாற்றினால், எதனால் குணம் கிடைத்தது, எதனால் கேடு விளைந்தது என்பதை அறிய இயலாது. ஆய்வுக்கூடத்தில் அறிவியலார் கைக்கொள்ளும் நெறியும் இதுவே.

சரியாக அமைந்ததா என்பதைச் சில நாள் ஓட்டியபின் ஸ்பார்க் பிளக் காட்டிக்கொடுக்கும். அதன் முனை வெளிர்பழுப்பாக இருந்தால் கலவை நன்று. கரிபடிந்து கறுத்திருந்தால் செறிவு மிகுதி. வெளுத்திருந்தால் மெலிவு மிகுதி.

ஓரிடத்தில் சரியாக அமைந்த அளவு எல்லா இடங்களுக்கும் பொருந்தும் என்றும் கூறவியலாது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்தில் காற்றின் அடர்த்தி, கடலோரத்தில் உள்ளதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சமவெளியில் சீராக ஓடிய வண்டி மலையேறியதும் மந்தமாவது இதனால்தான். காற்று மெலிய, எரிபொருள் அதே அளவில் வர, கலவை செறிந்துவிடுகிறது.

மாறும் கருவி, மாறா நெறி

2020ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளன்று பாரத் ஸ்டேஜ் 6 என்னும் மாசுக்கட்டுப்பாட்டு விதிகள் இந்தியாவில் நடைமுறைக்கு வந்தன. அதன்பின் வெளிவரும் பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் கார்புரேட்டரின் இடத்தை மின்னணு எரிபொருள் தெளிப்பான் பிடித்துக்கொண்டது. வெளிப்போக்கு வளியிலுள்ள ஆக்சிஜனை உணரிகள் அளக்கின்றன. எவ்வளவு எரிபொருள் தேவை என்பதைச் சிறு கணினி கணக்கிடுகிறது. மலையேறினாலும் அது தன்னைத் தானே திருத்திக்கொள்கிறது. ஆயினும், அது தேடும் அளவு மாறவில்லை. காற்றுக்கும் எரிபொருளுக்கும் இடையே கார்புரேட்டர் நிறுத்திய அதே சமன்தான்.

கார்புரேட்டர் பொருத்திய வண்டிகள் இன்னும் நம் சாலைகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. பால் விற்போர், காய்கறி கொண்டுசெல்வோர், தொலைவிலுள்ள வேலைக்குச் செல்வோர் எனப் பலரின் அன்றாட வருவாய் அவற்றை நம்பியுள்ளது. அளவு தவறிய ஒரு வண்டி, உரிமையாளரின் பணத்தை மட்டும் கரைப்பதில்லை. பின்னே வருவோரின் மூச்சுக்காற்றையும் கெடுக்கிறது. சாலையோரப் பட்டறையில் எண்ணெய் படிந்த கைகளோடு அமர்ந்து, காதால் எஞ்சினின் ஓசையை அளந்து, கால் சுற்றுத் திருகலில் அதனைச் சீராக்கும் தொழிலாளியிடம் இருப்பது ஏட்டில் எழுதப்படாத இயற்பியல் அறிவு. கருவிகள் மாறலாம். கழற்றுமுன் காரணம் தேடுவதும், கண்டதைக் குறித்துக்கொள்வதும், அளவைக் கெடுக்காமல் அழுக்கை மட்டும் நீக்குவதும், ஒன்றை மாற்றி விளைவைக் கண்ட பின்னரே அடுத்ததைத் தொடுவதும் எந்த எந்திரத்திற்கும் பொருந்தும் நெறிகளாம்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதியிலுள்ள இருசக்கர வண்டிப் பட்டறைக்குச் சென்று, அங்குப் பணிபுரிவோர் வழங்கும் தொழிற்சொற்களைத் திரட்டி, அவற்றிற்கு இணையான தமிழ்ச்சொற்களுடன் பட்டியலிடுக.
2. ‘ஜெட்டின் துளை வெறும் ஓட்டை அன்று, அது ஓர் அளவுகோல்’ – இக்கூற்றைப் பாடப்பகுதி கொண்டு விளக்குக.
3. ‘ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுதல்’ என்னும் நெறி பயன்படும் வேறு இரண்டு சூழல்களைக் குறித்து வகுப்பில் கலந்துரையாடுக.